கூரை யாருடையது?

கேள்வி: எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி. 86 பிள்ளைகள் படிக்கிறார்கள். 1990களில் கட்டிய, தளம் போட்ட கட்டிடம். போன மாதம் நான்காம் வகுப்பு அறையில் மேலிருந்து காரை முறம் அளவுக்குப் பெயர்ந்து விழுந்தது. சாப்பாட்டு நேரம் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. உள்ளே கம்பி தெரிகிறது. தலைமையாசிரியரைக் கேட்டால், "வருஷத்துக்கு வருகிற 25,000 ரூபாயில் என்ன செய்ய முடியும், மத்திய அரசுப் பணமே நின்றுபோயிருக்கிறது" என்கிறார். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் மூன்று மனு கொடுத்தாயிற்று. ஆகஸ்ட் 15 கிராம சபையில் பேசினேன், பார்க்கலாம் என்றார்கள். ரொம்பச் சத்தம் போட்டால் கட்டிடத்தையே இடித்துவிடுவார்கள், அப்புறம் பிள்ளைகள் மரத்தடிதான் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். திருப்பூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன்கள் ஒரு லட்சம் சேர்த்துத் தருகிறோம், பூசி வெள்ளையடித்துவிடலாம் என்கிறார்கள். வாங்கலாமா? யாரிடம்தான் போவது? இன்னொன்று, மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. அதை வெட்டினால் பாவம் என்று யாரும் தொட மறுக்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், டெல்டா மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றுக்கு முதலில் பதில். அந்த அறையை இன்றே பூட்டிவிடுங்கள். சாவி தலைமையாசிரியரின் மேசைமேல் கிடக்க வேண்டாம், பீரோவுக்குள் போகட்டும். மேசையில் இருந்தால் மழை கொட்டுகிற ஒரு நாளில் யாராவது இரக்கப்பட்டுத் திறந்துவிடுவார்கள். ஓரிடத்தில் காரை விழுந்தால் அந்த இடத்தில் மட்டும்தான் பழுது என்று நினைத்துவிடக் கூடாது. சனிக்கிழமை ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய், மற்ற அறைகளிலும் வராந்தாவிலும் கூரையின் அடிப்பக்கத்தை நீளக் கம்பால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல இடம் கல்லைத் தட்டியதுபோல் ஒலிக்கும். உள்ளே பிரிந்துவிட்ட இடம் காலி டப்பாவைத் தட்டியதுபோல் ஒலிக்கும். தட்டுகிறவர் நேர் கீழே நிற்கக் கூடாது. பொக்கென்று கேட்கும் இடத்துக்குக் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். பிறகு வரும் பொறியாளருக்கு அது பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். சன்ஷேடையும் கழிப்பறைச் சுவரையும் விட்டுவிடாதீர்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஓர் உதவிபெறும் பள்ளியில் மூன்று மாணவர்களைக் கொன்றது வகுப்பறை அல்ல, கழிப்பறைச் சுவர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று மனுவையும் தவறான வாசலில் கொடுத்திருக்கிறீர்கள்.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்பது இரண்டு துறைகள் கூட்டுக்குடித்தனம் நடத்தும் வீடு. உள்ளே பாடம் நடத்துகிற ஆசிரியர், பாடநூல், தேர்வு எல்லாம் பள்ளிக் கல்வித் துறை. 1981இல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனதிலிருந்து அவர்களுக்கு மேலதிகாரி கல்வித் துறையில்தான். ஆனால் சுவரும் கூரையும் ஒன்றியத்தோடே தங்கிவிட்டன. அந்தக் கட்டிடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. அதைப் பராமரிக்க வேண்டியதும் ஒன்றியம், அதாவது ஊரக வளர்ச்சித் துறை. வட்டாரக் கல்வி அலுவலர் உங்கள் மனுவைப் படித்து வருத்தப்படலாம், மேலே அனுப்பலாம், ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடலாம். ஒரு மூட்டை சிமெண்ட் வாங்க அவரால் முடியாது. நகராட்சி, மாநகராட்சிப் பள்ளி என்றால் அந்த நகராட்சி. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பணம் கல்வித் துறையுடையது, வேலை பெரும்பாலும் பொதுப்பணித் துறையுடையது. உதவிபெறும் பள்ளி என்றால் அதன் நிர்வாகம். உங்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. உங்கள் வாசல் வட்டார வளர்ச்சி அலுவலகம். அங்கே இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் (பி.டி.ஓ.) இருப்பார்கள், ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது முதலாமவரை.

இதை நான் வெளியில் நின்று சொல்லவில்லை. ஊரக வளர்ச்சித் துறையில் 31 வருஷம் பொறியாளர் வேலை பார்த்தவன். ஓவர்சியராகச் சேர்ந்தேன். உங்களைப் போன்றவர்கள் கல்வி அலுவலகத்துக்கும் ஒன்றிய அலுவலகத்துக்கும் இடையே பந்தாடப்படுவதை எங்கள் ஜன்னல் வழியாகவே பார்த்திருக்கிறேன். சில தடவை பந்தை உதைத்த கால் என்னுடையதாகவும் இருந்திருக்கிறது.

தலைமையாசிரியர் சொன்ன 25,000 பற்றி. அவர் பொய் சொல்லவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் தொகுப்பு மானியம் அது. மாணவர் எண்ணிக்கை 30 வரை என்றால் 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இந்த 25,000க்குள் மின்கட்டணம், இணையம், சாக்பீஸ், ஓடாத மின்விசிறி, ஆய்வகப் பொருள், கழிப்பறை எல்லாம் அடங்க வேண்டும். குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மிச்சத்தில் கட்டிடப் பராமரிப்பு. மிச்சம் என்று ஒன்று இருந்தால்.

இந்தக் கணக்கில் ஒரு கோணல் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மானியம் தலையை எண்ணி வருகிறது, கூரையை அளந்து வருவதில்லை. உங்கள் பள்ளியில் சில வருஷம் முன்பு 110 பிள்ளைகள் இருந்திருந்தால் 50,000 வந்திருக்கும். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளி வேன் விடத் தொடங்கி 24 பிள்ளைகள் போய்விட்டால் தொகை பாதியாகிவிடும். ஆனால் மழை அதே கூரைமேல்தான் பெய்கிறது; அந்தக் கூரைக்கு ஒரு வயது கூடியும் இருக்கிறது. பிள்ளைகள் குறையக் குறையப் பணம் குறைகிறது. பணம் குறையக் குறையக் காரை விழுகிறது. காரை விழுந்தால் இன்னும் நாலு பெற்றோர் வேனைப் பார்க்கிறார்கள். கிராமத்துப் பள்ளிகள் எப்படி மெலிந்தன என்று யாராவது ஆராய்ந்தால் இந்தச் சுற்றையும் எழுதிக்கொள்ளட்டும்.

ஒரு கட்டிடத்துக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 1990இல் பொதுக் கட்டிடங்களுக்கு ஓர் அளவு சொன்னது: அதே கட்டிடத்தை இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். உங்கள் பள்ளியை இன்று கட்ட 50 லட்சம் ஆகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம். கைக்கு வருவது 25,000. அதிலும் கூரைக்குப் போவது எவ்வளவு என்று நீங்களே சொல்வீர்கள். பணக்கார நாடுகள் இதில் ஒழுங்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்ட் கடைசியில், பள்ளி திறக்கச் சில நாள் இருக்கும்போது, இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் கட்டிடங்களையோ அறைகளையோ மூடச் சொன்னார்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் மலிவாகப் போட்ட ஒருவகை நுரைக் கான்கிரீட் கூரை எப்போது விழும் என்று சொல்ல முடியாத நிலை.

மத்திய அரசுப் பணம் நின்றது என்பதும் உண்மையே. தேர்ந்தெடுத்த பள்ளிகளை முன்மாதிரியாக மேம்படுத்தும் மத்திய அரசின் பி.எம். ஸ்ரீ திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால் 2024-25ஆம் ஆண்டுக்கான 2,152 கோடி ரூபாய் நிறுத்தப்பட்டு, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் அது கல்வித் திட்டப் பணம். உங்கள் கூரைக்குப் பொறுப்பான ஒன்றியத்துக்கு அதைச் சாக்காகச் சொல்ல உரிமை இல்லை. யாராவது சொன்னால், "சரிங்க, அந்தப் பணம் வந்திருந்தா இந்தக் கூரைக்கு எவ்வளவு ஒதுக்கியிருப்பீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.

இப்போது பணம் எங்கே இருக்கிறது என்பதைவிட, அது ஏன் உங்கள் பக்கம் திரும்பவில்லை என்று பார்க்கலாம். புதிய கட்டிடத்துக்குப் பணம் இருக்கிறது. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது ஐந்தாண்டுக்கு 7,000 கோடி என்றார்கள். 18,000 வகுப்பறைகள் அதில் அடக்கம். ஊரகப் பள்ளிகளுக்குக் குழந்தைநேயப் பள்ளி உட்கட்டமைப்பு மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதி இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் புதிய சொத்துக்குத்தான் போகும். புதுக் கட்டிடம் திறந்தால் கல்வெட்டு வைக்கலாம். மொட்டை மாடி வடிகுழாயைச் சுத்தம் செய்ததற்குக் கல்வெட்டு வைத்த ஊரை நான் பார்த்ததில்லை.

பழுதுக்கான பணம் ஒரே பெயரில் ஓரிடத்தில் கிடையாது. ஒன்றியப் பொது நிதியில் கொஞ்சம், நிதிக்குழு மானியத்தில் கொஞ்சம், மாநிலத் திட்டங்களில் பழுதுபார்ப்புக்கென்று கொஞ்சம், கல்வித் திட்டத்தின் ஆண்டுப் பட்டியலில் பெரும் பழுது என்ற தலைப்பில் கொஞ்சம். இவை எல்லாவற்றிலும் ஒன்று பொது. மார்ச் நெருங்கும்போது, மீதமிருக்கும் தொகை, செலவு மதிப்பீடு தயாராக மேசையில் இருக்கும் பள்ளிக்குப் போகும். மதிப்பீடு இல்லாத பள்ளிக்குப் போகாது, அங்கே கூரையே இல்லாவிட்டாலும். மார்ச் 20ஆம் தேதி மாலை மேலிடத்திலிருந்து போன் வரும்: "பள்ளி ரிப்பேர் எஸ்டிமேட் ரெடியா ஏதாவது இருக்கா சார்?" அந்த நேரத்தில் என் அலமாரியில் இருந்த பள்ளிகளுக்கு அதிர்ஷ்டம். எந்தக் கூரை மோசம் என்று ஒப்பிட்டுப் பார்க்க அன்று யாருக்கும் நேரமில்லை.

ஆகவே ஒன்றிய அலுவலகத்துக்கு நீங்கள் எழுதும் மனுவில் பணம் கேட்காதீர்கள். பணம் கேட்டால் "நிதி இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சட்டப்படி அதில் குற்றமும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது, ஒன்றியப் பொறியாளர் நேரில் வந்து கட்டிடத்தைப் பார்வையிட்டு, அதன் உறுதி பற்றி எழுத்தில் அறிக்கையும், பழுதுபார்ப்புக்கான மதிப்பீடும் தர வேண்டும் என்பது. வந்து பார்க்க முடியாது என்று எந்த அதிகாரியும் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டார். அவர் வந்து பார்த்து எழுதிவிட்டால், அந்த நாளிலிருந்து கூரை அவர் பொறுப்பு. அவர் மனசாட்சிக்கு அது போதும். போதாவிட்டால் கோப்புக்குப் போதும்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண் (தேசியப் பள்ளித் தகவல் பதிவில் உங்கள் பள்ளிக்கான அடையாள எண்), காரை விழுந்த தேதி, நேரம், எந்த அறை, அந்த அறையில் எத்தனை பிள்ளைகள் என்பதை எழுதுங்கள். கீழே கிடந்த காரைத் துண்டுகளுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். உங்கள் குழுவின் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு, பெற்றோர் செயலியிலும் ஏற்றி, நகலை இணைத்துக்கொள்ளுங்கள். பி.டி.ஓ.வுக்கு மனு; நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் ஆட்சியருக்கும். ஆட்சியருக்கான நகலைத் தபாலில் போடாமல் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் கொடுத்துப் பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் ஒரு வரி சேர்க்கலாம்: 94 குழந்தைகளைப் பலிகொண்ட 2004 கும்பகோணம் தீ விபத்துக்குப் பின் தொடரப்பட்ட அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமைக்குள் அடங்கும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு வரி போதும். நாலு பக்கத்துக்குச் சட்டம் எழுதினால், மனு கொடுத்தவர் வழக்கு போடப் போகிறார் என்று பயந்து கோப்பைப் பத்திரமாக அடியில் வைத்துவிடுவார்கள்.

கிராம சபையில் பேசினேன் என்கிறீர்கள். பேசியது பதிவேட்டில் ஏறியதா? தீர்மான நகல் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் அக்டோபர் 2 கிராம சபையில், எழுதிய தீர்மானத்தைக் கையில் கொண்டுபோய், படித்துவிட்டுப் பதிவேட்டில் ஏறிய பிறகு வீட்டுக்கு வாருங்கள். உங்கள் பக்கத்தில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5உடன் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. தலைவர் இல்லை என்பது கிராம சபைக்குத் தடையல்ல. தனி அலுவலரின் கோப்பில் தீர்மானம் இருந்தால் அதற்கு எடை கூடவே இருக்கும்.

அடுத்தது எமிஸ், யுடைஸ் என்ற கணினிப் பள்ளித் தகவல் பதிவுகள்; முதலாவது மாநில அரசுடையது, இரண்டாவது மத்திய அரசுடையது. இதில்தான் பல பள்ளிகள் தம் தலையில் தாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30ஐக் கணக்கு நாளாக வைத்துப் பள்ளி விவரம் ஏற்றுகிறார்கள் அல்லவா, அதில் வகுப்பறைகளை நல்ல நிலை, சிறு பழுது, பெரும் பழுது என்று பிரித்துக் காட்ட ஒரு கட்டம் உண்டு. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் எந்தப் பள்ளிக்குப் பெரும் பழுது வேலை என்று பார்க்கிறவர் உங்கள் ஊருக்கு வர மாட்டார். அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார். சில தலைமையாசிரியர்கள், பழுது என்று போட்டால் விளக்கம் கேட்பார்களே என்று போன வருஷத்து எண்ணையே மறுபடி ஏற்றிவிடுவார்கள். கூரை விழுந்துகொண்டிருக்கும், கணினியில் எல்லா அறையும் நல்ல நிலையில் இருக்கும். பள்ளியின் விவர அறிக்கை இணையத்தில் யாரும் பார்க்கக்கூடியது. இன்றே பார்த்துவிட்டு, செப்டம்பர் முடிவதற்குள் திருத்தச் சொல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உங்கள் குழுவுக்குக் கொடுத்திருக்கும் வேலைகளில் இரண்டு: பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பது, வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது. ஆகவே இதைக் கேட்பது அத்துமீறல் ஆகாது.

மனு கொடுத்து ஒரு மாதம் ஆகியும் யாரும் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். இந்தப் பள்ளிக் கட்டிடத்தைப் பொறியாளர் கடைசியாகப் பார்வையிட்ட தேதி, அந்த அறிக்கையின் நகல், கடந்த ஐந்து ஆண்டில் இந்தக் கட்டிடப் பராமரிப்புக்கு ஒன்றியம் செலவிட்ட தொகை ஆண்டுவாரியாக, இப்போது நிலுவையில் உள்ள மதிப்பீட்டின் நகல். "ஏன் செய்யவில்லை" என்று கேட்காதீர்கள்; அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். பல தடவை பதில் வருவதற்கு முன் பொறியாளரே வந்துவிடுவார்.

மதிப்பீடு போட்டாயிற்று என்றால் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். இதை என் பிழை ஒன்றைச் சொல்லித்தான் விளக்க முடியும். ஒரு தொடக்கப் பள்ளிக்கு நான் மூன்று வருஷத்தில் மூன்று மதிப்பீடு போட்டேன். முதல் வருஷம் நிர்வாக அனுமதி வரவில்லை. இரண்டாம் வருஷம் விலை விகிதப் பட்டியல் மாறிவிட்டது, மறுபடி போட்டோம். அனுமதி வந்தது, ஒப்பந்தப்புள்ளிக்கு ஆள் வரவில்லை. சின்ன வேலை, சாரம் கட்ட வேண்டும், பிள்ளைகள் இல்லாத நாளில் மட்டும் செய்ய வேண்டும், கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்கு ஒரு சிமெண்ட் சாலை போட்டால் ஒப்பந்தக்காரருக்கு நிம்மதி. மூன்றாம் வருஷம் மதிப்பீடு போடப் போனபோது, பழுதுபார்க்கும் கட்டத்தை அந்தக் கூரை தாண்டியிருந்தது. இடிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதற்குப் பிறகுதான் எனக்கு ஒரு வழி தோன்றியது: பக்கத்து நாலைந்து பள்ளிகளின் கூரை வேலையை ஒரே தொகுப்பாக்கி ஒப்பந்தப்புள்ளி விட்டால் ஆள் வருகிறார்கள். உங்கள் ஒன்றியத்தில் வேறு எந்தப் பள்ளிகளில் இதே நிலை என்று அந்தந்தக் குழுத் தலைவர்களிடம் கேளுங்கள். ஐந்து பேராகப் போய் பி.டி.ஓ.விடம் "சேர்த்து விடுங்க சார்" என்று கேட்டால் அவருக்கும் வசதி.

ஒரு லட்சம் பற்றி. பையன்களின் மனசு நல்ல மனசு. ஆனால் பூசி வெள்ளையடிக்க அந்தப் பணத்தை வாங்காதீர்கள்.

காரை ஏன் விழுகிறது என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். மாடியில் வடிகுழாய் அடைத்து, தண்ணீர் தேங்கி, தட்டோட்டு இடுக்கு வழியாகத் தளத்துக்குள் இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு என்பது தேய்மானம் மட்டுமல்ல, வீக்கமும்கூட. இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் அந்த இடம் இல்லை. ஆகவே அது தன்னைச் சுற்றியுள்ள காரையை உடைத்துத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கிறது. நீங்கள் பார்த்த முறம் அளவுத் துண்டு அப்படி வந்தது. மேலே தண்ணீரை நிறுத்தாமல், துருவைச் சுரண்டாமல், கீழே சிமெண்ட் குழைத்து அப்பினால் இரண்டு மழை தாங்கும். மூன்றாவது மழையில் புதுப் பூச்சும் சேர்ந்து இன்னும் கனமாக விழும். வெள்ளையடித்தால் அதைவிட மோசம்: மஞ்சள் கறை, ஓதம், முடிவெடிப்பு என்று கூரை காட்டும் எல்லா எச்சரிக்கையையும் மறைத்துவிடும். ஒரு முக்கியப் பிரமுகர் வருகிறார் என்று ஒரே இரவில் ஈரக் கூரைக்கு இரண்டு கோட்டிங் அடித்த பள்ளியை எனக்குத் தெரியும். அடுத்த ஆய்வில் "நல்ல நிலை" என்று எழுதினார்கள். எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது.

அந்த ஒரு லட்சத்துக்கு வேறு வழி உண்டு. நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். உங்கள் ஒரு லட்சம் மூன்று லட்சத்து வேலையாகும். ஒன்றியப் பொறியாளரே மதிப்பீடு போடுவார், செய்த வேலை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் பதிவாகும், நாளைக்கு யாரும் கேள்வி கேட்க முடியாது. இந்த ஆண்டு ஒதுக்கீடு மிச்சமிருக்கிறதா, கூரைப் பழுதை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் பணத்தைத் திரட்டுங்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் தங்கள் பணம் எங்கே போனது என்று பார்க்க விரும்பினால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' வழியாக இந்தப் பள்ளிக்கென்றே கொடுக்கலாம். எப்படியானாலும் ரொக்கமாக உங்கள் கையில் வாங்காதீர்கள். ஒன்றியத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் கூரையில் கை வைக்கவும் கூடாது. நாளை ஏதாவது விழுந்தால், "அவங்க ஆள் வெச்சு ஏதோ பண்ணினாங்க" என்று எல்லாப் பழியும் உங்கள் வாசலுக்கு வரும்.

இடித்துவிடுவார்களோ என்ற பயம் வெறும் வதந்தி இல்லை. திருநெல்வேலிச் சாவுகளுக்குப் பின் மாநிலம் முழுக்கக் கட்டிடங்களை ஆய்வு செய்து, பாழடைந்தவற்றை இடித்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் இடிப்பதற்கு இருந்த வேகம் எல்லா ஊரிலும் கட்டுவதற்கு இருக்கவில்லை; பிள்ளைகள் சத்துணவுக் கூடத்திலும் வாடகைக் கட்டிடத்திலும் உட்கார்ந்த ஊர்கள் உண்டு. அதற்காக மௌனமாக இருப்பது வழியல்ல. 2025 ஜூலை 25 அன்று ராஜஸ்தானின் ஜாலாவார் மாவட்டத்தில் அரசுப் பள்ளிக் கூரை விழுந்து ஏழு பிள்ளைகள் செத்தார்கள். பொறியாளர் பார்த்துவிட்டு, பழுதுபார்க்கலாம் என்று சொல்லவும் வாய்ப்புண்டு: கம்பி கால்வாசிக்கு மேல் மெலியவில்லை, தளம் தொய்யவில்லை, விட்டத்தில் வெடிப்பில்லை என்றால் அந்த அறை இன்னும் பல வருஷம் நிற்கும். இடிக்கத்தான் வேண்டும் என்றால், இடிப்பு உத்தரவு கேட்கும் அதே தாளில் மாற்று இடமும் புது வகுப்பறைக்கான முன்மொழிவும் வேண்டும் என்று உங்கள் தீர்மானத்தில் எழுதுங்கள். தனித்தனித் தாளாகப் போனால் முதல் தாள் ஓடும், இரண்டாவது படுத்துக்கொள்ளும்.

தலைமையாசிரியரைப் பற்றி ஒரு வார்த்தை. அவரை எதிரியாக்காதீர்கள். ஏதாவது ஆனால் முதலில் பணியிடை நீக்கம் ஆகிறவர் அவர்தான், கூரை அவருடையது இல்லை என்றாலும். மனுவில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். தம் பங்குக்கு அவரும் மேலதிகாரிக்குக் கடிதம் எழுதி நகல் வைத்துக்கொள்ளட்டும். அந்த நகல் அவரையும் காப்பாற்றும்.

இந்த வடகிழக்குப் பருவமழைக்குள் கூரை வேலை நடக்காது. நடந்தால் மே விடுமுறையில். அதுவரை, அந்த 25,000இல் ஒரு சின்னப் பகுதியை எடுத்து, அக்டோபருக்குள் மொட்டை மாடியைக் கூட்டி, சருகும் பந்தும் பாட்டிலும் எடுத்து, வடிகுழாய் ஒவ்வொன்றிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கீழே விழுகிறதா என்று பாருங்கள். மழை நடுவில் இன்னொரு தடவை. மாடிக்கு ஏணி இல்லாத பள்ளிகள் நிறைய. உங்களுடையதும் அப்படி என்றால் முதல் செலவு ஏணி. தளம் பலவீனமான அறைக்கு மேலே யாரும் நடக்க வேண்டாம், ஓரமாகப் போகட்டும்.

அரசங்கன்றை வெட்ட வேண்டாம். வெட்டினாலும் வேர் உள்ளே இருந்து இரண்டு மாதத்தில் துளிர்க்கும். சுண்டுவிரல் பருமனுக்குள் இருந்தால், நல்ல மழை பெய்து சுவர் ஊறியிருக்கும் நாளில் மெதுவாக ஆட்டினால் வேரோடு வந்துவிடும். அதைவிடப் பருத்திருந்தால் இழுக்காதீர்கள், செங்கல்லும் கூடவே வரும். கொத்தனார் அந்த இடத்து இணைப்பைத் திறந்து வேரை எடுத்துவிட்டுப் பூசட்டும். எடுத்த கன்றைப் பிள்ளைகள் கையாலேயே குளக்கரையில் நட்டுவிடுங்கள், பாவம் என்கிறவர்களும் வந்து தண்ணீர் ஊற்றுவார்கள்.